அவர் ஆட்சி செய்த ஒரே ஊர்

பெர்னி சாண்டர்ஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது 2016இலும் 2020இலும் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்று தோற்ற முதியவரின் முகம். தொலைக்காட்சி நமக்குத் தந்த முகம் அது. அவருடைய வாழ்க்கையை எழுதுபவர்கள் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் அவர் மேயராக இருந்த காலத்தைச் சில பக்கங்களில் முடித்துவிட்டு வாஷிங்டனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பெரிய அரங்குக்குப் போகும் வழியில் கிடந்த படிக்கட்டாகவே அந்த எட்டு ஆண்டுகள் தெரிகின்றன. இந்தப் பார்வை தலைகீழானது என்பது என் எண்ணம். அரை நூற்றாண்டைத் தாண்டிய தம் அரசியல் வாழ்வில் சாண்டர்ஸ் நிர்வாகப் பொறுப்பேற்று ஆட்சி செய்த இடம் ஒன்றே ஒன்றுதான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 435 பேரில் ஒருவராக இருந்தார். மேலவையில் 100 பேரில் ஒருவராக இருக்கிறார். அங்கெல்லாம் அவர் பேசியிருக்கிறார், வாக்களித்திருக்கிறார், திருத்தங்களைக் கொண்டுவந்திருக்கிறார். வரவுசெலவுத் திட்டம் தயாரித்து, அதிகாரிகளை நியமித்து, பனியை அள்ளச் சொல்லி, அள்ளாதபோது திட்டு வாங்கியது 1981 முதல் 1989 வரை பர்லிங்டனில் மட்டும். ஒருவருடைய கொள்கைக்கு என்ன பெறுமானம் என்று அறிய விரும்பினால், அந்தக் கொள்கையின் பெயரால் அவர் எதையாவது நடத்திக்காட்டிய இடத்தைத்தான் தேட வேண்டும். அப்படித் தேடும்போது கிடைக்கும் விடை அவருடைய மேடைப் பேச்சுகளிலிருந்து பலவகையில் மாறுபட்டது. அந்த நகரத்தில் அவருடைய அரசியல் விட்டுச்சென்ற ஆழமான தடம் நிலத்தின் உடைமையில் இருக்கிறது. நகரத்து மண் யாருக்குச் சொந்தம், அதன் விலையேற்றம் யாரைச் சேரும் என்ற கேள்விக்கு ஒரு சிறிய நகராட்சி, தனக்கிருந்த அற்ப அதிகாரங்களைக் கொண்டே, நீடிக்கும் ஒரு பதிலைக் கண்டது. என் வாதம் இதைப் பற்றியது.

முதலில் அவர் அங்கே எப்படி வந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். புரூக்ளினில் பிறந்து 1968இல் வெர்மான்ட்டுக்குக் குடிபெயர்ந்த சாண்டர்ஸ், 1970களில் 'லிபர்ட்டி யூனியன்' என்ற சிறு கட்சியின் சார்பில் மேலவைக்கும் ஆளுநர் பதவிக்குமாக நான்கு முறை நின்றார். நான்கிலும் தோல்வி, அதிகபட்சமாகக் கிடைத்தது 6 விழுக்காட்டு வாக்கு. பின்னர் கட்சியையும் விட்டு விலகினார். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவருடைய நண்பர் ரிச்சர்ட் சுகர்மன், பழைய தேர்தல் முடிவுகளை வார்டு வாரியாகப் பிரித்துப் பார்த்து ஒன்றைக் கவனித்தார். மாநில அளவில் மிகச் சிறியதாக இருந்த அந்த ஆதரவு, பர்லிங்டனின் உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளில் கணிசமாக இருந்தது. 1980 கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தின் மக்கள்தொகை 37,712. மாநிலத்தின் மிகப்பெரிய நகரமே அவ்வளவுதான். ஐந்து தவணைகளாக மேயராக இருந்த ஜனநாயகக் கட்சியின் கோர்டன் பாக்கெட்டுக்கு எதிராகக் குடியரசுக் கட்சி வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. பாக்கெட் சொத்து வரியை உயர்த்தப்போவதாகச் சொல்லியிருந்தார். ஏரிக்கரையில் அடுக்குமாடிகள் கட்ட ஒரு கட்டுமான முதலாளி திட்டம் வைத்திருந்தார். வரி உயர்வு சிறு வீட்டுக்காரர்களைத் தாக்கும் என்றும் ஏரிக்கரை எல்லோருக்கும் உரியது என்றும் வீடுவீடாகப் போய்ச் சொன்னார் சாண்டர்ஸ். காவலர் சங்கம் அவரை ஆதரித்தது. சோஷலிஸ்ட் என்று தம்மை அழைத்துக்கொண்டவருக்குக் காவலர்களின் ஆதரவு கிடைத்ததற்குக் காரணம் எளிது: அவர்களுடைய ஊதியப் பேச்சுவார்த்தையைக் காதுகொடுத்துக் கேட்ட வேட்பாளர் அவர்தான். 1981 மார்ச் 3 அன்று ஏறத்தாழ பத்தாயிரம் வாக்குகள் பதிவாகின. மறு எண்ணிக்கைக்குப் பிறகு நின்ற வித்தியாசம் 10 வாக்குகள்.

இந்தப் பத்து வாக்குகளை அதிசயமாகச் சொல்லிப் பரவசப்படுவது வழக்கம். அதைவிட முக்கியமானது அதற்கடுத்து வந்த ஆண்டு. பர்லிங்டன் மேயரின் பதவிக்காலம் அன்று இரண்டே ஆண்டுகள். நகர மன்றத்தில் 13 உறுப்பினர்கள். அவர்களில் அவருக்குத் துணை நின்றவர்கள் டெர்ரி பூரிஷியஸ், சாடி வைட் என்ற இருவர் மட்டும். மேயர் பரிந்துரைத்த நியமனங்கள் அத்தனையையும் எஞ்சிய 11 பேரும் தோற்கடித்தார்கள். முதலாண்டு முழுவதும் தாம் தோற்கடித்த மேயரின் அதிகாரிகளை வைத்துக்கொண்டே அவர் நகரத்தை நடத்த வேண்டியிருந்தது. துறைகள் பலவும் தனித்தனி ஆணையங்களின் பிடியில் இருந்தன. நகரத்தின் சாசனத்தில் ஒரு சொல்லை மாற்றவும், புதிய வரி ஒன்றை விதிக்கவும் மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. சம்பளம் பெறாத நண்பர்களும் ஆதரவாளர்களும் மாலை வேளைகளில் கூடி நகராட்சியின் கணக்குகளைப் படித்தார்கள், கோடைக்கால இசை நிகழ்ச்சிகளை நடத்தினார்கள், மரக்கன்றுகளை நட்டார்கள். எதிர்த்தரப்பு ஒரு பெரிய பிழையைச் செய்தது. மேயரைச் செயல்படவிடாமல் செய்தால் மக்கள் அவரைக் கையாலாகாதவர் என்று நினைப்பார்கள் என அது கணக்கிட்டது. மக்கள் மன்றத்தைத்தான் குறை சொன்னார்கள். 1982இல் அவர் பக்கம் நின்றவர்கள் மேலும் மூன்று இடங்களை வென்றார்கள். 13 பேரில் ஐவர் போதும், மேயரின் வீட்டோவை மன்றத்தால் முறியடிக்க முடியாது. 1983இல் இரு பெரிய கட்சிகளும் வேட்பாளர்களை நிறுத்தின. பதிவான வாக்குகள் 13,000ஐத் தாண்டின. சாண்டர்ஸ் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று வென்றார். பத்து வாக்கு வெற்றி தற்செயலாக இருந்திருக்கலாம். இரண்டே ஆண்டுகளில் ஒரு நகரத்தின் உள்ளூர்த் தேர்தலுக்கு மூவாயிரம் பேர் கூடுதலாக வாக்களிக்க வந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஆனால் எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட மன்றத்தில் அவருடைய அணிக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இதை மறக்காமல்தான் பின்னால் வருவனவற்றைப் படிக்க வேண்டும்.

கிடைத்த முதல் அதிகாரத்தைக் கொண்டு அவர்கள் செய்தது கணக்கைச் சரிபார்த்ததுதான். நகராட்சியின் காப்பீட்டு ஒப்பந்தங்கள் ஆண்டாண்டாக ஏலமின்றி வழக்கமான முகவர்களுக்கே போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் போட்டி ஒப்பந்தப்புள்ளிக்குக் கொண்டுவந்ததில் பணம் மிச்சமானது. பொருளாளராக வந்த ஜோனதன் லியோபோல்ட், யாருடைய கவனத்துக்கும் வராமல் 19 லட்சம் டாலர் உபரி கணக்கில் கிடப்பதைக் கண்டுபிடித்தார். இதில் சோஷலிசம் எங்கே இருக்கிறது, சிக்கனமான எந்த வலதுசாரி மேயரும் செய்திருக்கக்கூடியதுதானே என்று அன்றே கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் சிக்கனம் பேசும் கட்சிகள் அந்த நகரத்தை ஆண்டபோது அதைச் செய்யவில்லை. காப்பீட்டு முகவர்களும் நகர மன்றத்தாரும் ஒரே வட்டத்தில் புழங்கியவர்கள். அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவரால்தான் அதைக் கலைக்க முடிந்தது. பொதுப்பணத்தைக் காப்பது எந்தக் கட்சிக்கும் சொந்தமான கொள்கை இல்லை என்பதை ஏற்கிறேன். எனினும் பொதுத்துறையை நம்பச் சொல்லும் ஒருவர் முதலில் பொதுக்கணக்கை நேராக வைத்திருக்க வேண்டும் என்பதை இடதுசாரிகள் பல ஊர்களில் மறந்துபோயிருக்கிறார்கள். பர்லிங்டனில் அடுத்து வந்த துணிச்சலான காரியங்களுக்கு மக்கள் ஒப்புதல் தந்ததற்கு இந்தக் கணக்கு நேர்மை ஒரு முன்நிபந்தனையாக இருந்தது.

இனி நிலத்துக்கு வருகிறேன். 1980களின் தொடக்கத்தில் பர்லிங்டனில் வாடகைகளும் வீட்டு விலைகளும் ஏறிக்கொண்டிருந்தன. பல்கலைக்கழக மாணவர்கள் பெருகினார்கள், பக்கத்து ஊரில் ஐபிஎம் ஆலை இருந்தது, ஏரியைப் பார்த்த நகரத்துக்குப் பணக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வாடகைக் கட்டுப்பாடு என்ற பழைய இடதுசாரிக் கருவியை நகர வாக்காளர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். அதே காலத்தில் ரீகன் அரசு வீட்டுவசதிக்கான கூட்டாட்சி நிதியை வெட்டியது. 1972 முதல் நகரங்களுக்கு வந்துகொண்டிருந்த பொது வருவாய்ப் பகிர்வு 1986இல் அடியோடு நின்றது. வாடகையைக் கட்டுப்படுத்த மக்கள் விடவில்லை, வீடு கட்ட வாஷிங்டன் பணம் தரவில்லை, வரி விதிக்க மாநிலம் எளிதில் இசையவில்லை. இந்த நெருக்கடியில் 1983இல் தொடங்கப்பட்ட சமூக, பொருளாதார வளர்ச்சி அலுவலகம் வேறொரு வழியைப் பிடித்தது. 1984இல் நகராட்சி தன் உபரியிலிருந்து 2 லட்சம் டாலரை முதலாகக் கொடுத்து பர்லிங்டன் சமூக நில அறக்கட்டளையை உருவாக்கியது. அமெரிக்காவில் ஒரு நகராட்சியே முன்னின்று இப்படியொன்றைத் தொடங்கியதற்கு அது முன்மாதிரி ஆனது.

அதன் இயக்கம் எளிது, விளைவு பெரிது. அறக்கட்டளை நிலத்தை வாங்கி நிரந்தரமாகத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும். அந்த நிலத்தின் மேலுள்ள வீட்டை ஒரு குடும்பம் வாங்கும். நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகை. குத்தகை வாரிசுகளுக்கும் போகும், வேலி போடலாம், தோட்டம் வைக்கலாம், கூடுதல் அறை கட்டலாம். விற்கும்போது மட்டும் ஒரு நிபந்தனை: வீட்டின் விலையேற்றத்தில் கால் பங்குதான் விற்பவருக்கு; மீதி வீட்டோடு தங்கிவிடும். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,00,000 டாலர் பெறும் ஒரு வீட்டுமனையில் நிலத்தின் மதிப்பு 25,000 என்று வைத்துக்கொண்டால், அதை மானியத்தால் அறக்கட்டளை ஏற்கிறது; குடும்பம் 75,000க்கு வீட்டை வாங்குகிறது. பத்தாண்டில் வீட்டின் மதிப்பு 40,000 ஏறினால், விற்கும் குடும்பத்துக்குத் தான் போட்ட 75,000த்தோடு 10,000 சேர்த்துக் கிடைக்கும். அடுத்து வருகிற, அதே போன்ற வருமானமுள்ள குடும்பம் 85,000க்கு அந்த வீட்டில் குடியேறும். திறந்த சந்தையில் அவர்கள் வீட்டுக்கும் நிலத்துக்குமாக 1,40,000க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். வழக்கமான வீட்டு மானியத் திட்டங்களில் அரசு கொடுக்கும் பணம் முதலில் வாங்குபவரின் கைக்குப் போய், அவர் வீட்டை விற்றதும் லாபமாகக் கரைந்துவிடும். அடுத்த ஏழைக்கு அரசு மறுபடியும் முதலிலிருந்து பணம் போட வேண்டும். இங்கே ஒருமுறை போட்ட பொதுப்பணம் மண்ணிலேயே தங்கி, அடுத்தடுத்து வரும் குடும்பங்களுக்கும் பயன்படுகிறது. 2 லட்சம் டாலர் என்பது ஒரு நகரத்தின் வீட்டுப் பஞ்சத்துக்குச் சின்னத் தொகை. அதைச் செலவழித்த விதம்தான் அதன் வலு.

விற்பவரின் உரிமையைப் பறிப்பதாக வீட்டுச் சொந்தக்காரர்களில் ஒரு பகுதியினர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஏழைக்கு மட்டும் ஏன் கால் பங்கு லாபம், பணக்காரர் முழு லாபத்தையும் எடுத்துக்கொள்கிறாரே என்பது அந்த எதிர்ப்பின் கூர்மையான வடிவம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு குடும்பம் தலைமுறை தாண்டிச் செல்வம் சேர்ப்பதற்கு அமெரிக்காவில் இருந்த முக்கிய வழி வீட்டு விலையேற்றம்தான். ஆனால் அறக்கட்டளைக்கு வந்த குடும்பங்களுக்கு முன்னிருந்த மாற்று, முழு லாபம் தரும் சொந்த வீடு அன்று. லாபமே தராத வாடகை வீடு. வாடகையோடு ஒப்பிட்டால் கால் பங்கு விலையேற்றமும், கட்டித்தீர்த்த கடனின் மதிப்பும், யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒரு கூரையும் மேலானவை. மேலும் நிலத்தின் விலையை ஏற்றுவது அதன் சொந்தக்காரரின் உழைப்பு கிடையாது. சாலையும் பள்ளியும் பூங்காவும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ஏற்றுகிறார்கள். அந்த ஏற்றத்தின் ஒரு பங்கு ஊருக்கே திரும்புவதில் அநீதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாட்டின் வேர் நம் பக்கத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. 1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூமிதான இயக்கம், அடுத்தடுத்த ஆண்டுகளில் கிராமத்தின் நிலத்தைக் கிராமத்துக்கே உரிமையாக்கும் கிராமதானமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் தங்கள் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். அமெரிக்கர்களான ரால்ஃப் போர்சோடியும் பாப் ஸ்வானும் கிராமதானத்தால் தூண்டப்பட்டு நிலத்தைப் பொது அறக்கட்டளையில் வைக்கும் சட்ட வடிவத்தைச் சிந்தித்தார்கள். ஸ்வானும், ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட் போன்ற கறுப்பின உரிமைப் போராளிகளும் சேர்ந்து 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஓட்டுரிமை கேட்டதற்காகப் பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்ட கறுப்பின விவசாயிகளுக்கென 5,000 ஏக்கருக்கும் மேலான நிலம். வறட்சியும், கடன் கொடுப்பதில் காட்டப்பட்ட நிறப் பாகுபாடும் சேர்ந்து 1985இல் அந்த நிலத்தை அவர்களிடமிருந்து பறித்தன. அதே மரபில் வந்த ஆலோசகர்கள்தான் பர்லிங்டனுக்கு வந்து அறக்கட்டளையின் விதிகளை வகுக்க உதவினார்கள். கிராமதானம் பெரும்பாலும் மனமாற்றத்தை நம்பியது; தானப் பத்திரங்கள் கையெழுத்தான வேகத்தில் நிலம் கைமாறவில்லை. ஜார்ஜியாவின் அமைப்புக்கு அரசு எதிரியாக இருந்தது. பர்லிங்டன் சேர்த்த புதுமை நகராட்சி நட்பு அரசாக நின்றதுதான்: முதல் பணம் கொடுத்தது, ஓய்வூதிய நிதியிலிருந்து கடன் பெற வழி செய்தது, கூட்டாட்சி மானியத்தை அதன் பக்கம் திருப்பியது, அலுவலர்களின் நேரத்தைக் கொடுத்தது. ஒரு நல்ல எண்ணம் நிறுவனமாக நிலைப்பதற்கு அரசின் கீழ்த்தட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த மூன்று கட்டங்களும் சேர்ந்து ஒரு சான்று.

இந்த இடத்தில் புகழுரையாக வழுக்கிவிடும் அபாயம் இருக்கிறது. ஏரிக்கரை விவகாரம் அதைத் தடுக்கிறது. ஷாம்ப்ளெய்ன் ஏரியின் பர்லிங்டன் கரை அன்று பழைய ரயில் தளங்களும் எண்ணெய்த் தொட்டிகளும் நிறைந்த பாழ்நிலம். பர்லிங்டன் விற்பனைக்கு இல்லை என்று முழங்கிப் பதவிக்கு வந்தவர், சில ஆண்டுகளில் ஆல்டன் என்ற நிறுவனத்தின் 10 கோடி டாலர் மதிப்பிலான கரைத் திட்டத்தை ஆதரித்தார். பூங்காவும் நடைபாதையும் பொதுமக்களுக்கு, விடுதியும் அடுக்குமாடிகளும் முதலீட்டாளருக்கு என்பது பேரம். நகராட்சி கடன்பத்திரம் வெளியிட மூன்றில் இரண்டு பங்கு வாக்காளரின் ஒப்புதல் தேவை. 1985 டிசம்பர் வாக்கெடுப்பில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே ஆதரித்தார்கள், திட்டம் விழுந்தது. மேயருக்கு இடப்பக்கத்தில் நின்ற பசுமை ஆர்வலர்கள் எதிர்ப்பில் முன்னின்றார்கள். தோல்விக்குப் பிறகு நகராட்சியும் மாநிலமும் நீதிமன்றத்தில் வேறொரு வாதத்தை வலியுறுத்தின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் நிறுவனங்கள் ஏரியை நிரவி உண்டாக்கிய நிலம் அது. ஏரியின் அடித்தளம் மக்களுக்காக அரசு காத்துவரும் பொது உடைமை. எனவே அதன்மேல் நிரவிய மண்ணையும் பொதுப் பயனுக்கு மட்டுமே கையாளலாம். 1989 டிசம்பரில் வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் அந்த நிலத்தைப் பொது நம்பிக்கைக் கோட்பாடு கட்டுப்படுத்துகிறது என்று தீர்ப்பளித்தது. இன்று அங்கே உள்ள பூங்காவும் சைக்கிள் பாதையும் அந்தத் தீர்ப்பின் மேல் நிற்கின்றன. 2015 மே மாதம் சாண்டர்ஸ் தம் அதிபர் பிரசாரத்தைத் தொடங்கியது அந்தப் பூங்காவில்தான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்தப் பூங்காவுக்கு இன்றைய வடிவம் கிடைத்ததில் மேயரின் திட்டத்தை நிராகரித்த வாக்காளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய பெருமை, தோற்றபின் வாக்காளர்களின் முடிவை ஏற்று வழக்கின் பாதையில் உறுதியாக நடந்தது.

இந்தத் தோல்வியை முன்வைத்தே அவர்மீது இடதுபக்கத்திலிருந்து வந்த மிகக் கனமான விமர்சனமும் எழுந்தது. சூழலியல் சிந்தனையாளர் முர்ரே புக்சின் பர்லிங்டனில் வாழ்ந்தவர். மேயரின் சோஷலிசம் நிர்வாகத்தையும் வளர்ச்சியையும் நம்பும் பழைய வகை. குடிமக்கள் கூடி முடிவெடுக்கும் அவைகளை அது நம்பவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. 1983இல் மத்திய அமெரிக்கப் போர்களுக்கான துப்பாக்கிகள் தயாராகின்றன என்று ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலை வாயிலை மறித்த அமைதிப் போராளிகள் கைதானபோது, மேயர் ஆலைத் தொழிலாளர்களின் வேலையின் பக்கம் நின்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புக்சினின் சித்திரத்தில் உண்மை இருக்கிறது. நிகராகுவாவின் புவெர்ட்டோ கபேசாஸ் நகரத்தோடு தோழமை ஒப்பந்தம் போட்டவர், நிகராகுவாவில் சுடப்படும் துப்பாக்கி தம் ஊரில் செய்யப்படுவதைத் தடுக்கத் துணியவில்லை. ஆயினும் வட்டார மக்கள் கூடும் திட்டமிடல் அவைகள் அவருடைய காலத்தில்தான் ஏற்பட்டன, இன்றும் கூடுகின்றன. அவற்றுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரமே உண்டு என்பது புக்சினுக்குப் போதவில்லை. எனக்கும் அது குறைதான். ஆனால் ஊதியத்துக்கு உழைப்பவர்களையும் அமைதிக்குப் போராடுபவர்களையும் ஒரே ஆண்டில் திருப்திப்படுத்தும் மேயரை யாரும் கண்டதில்லை. தம்மைத் தேர்ந்தெடுத்த கூட்டணியில் யார் அதிகமாக இழப்பார்கள் என்று எடைபோட்டு அவர் முடிவெடுத்தார். அந்த முடிவோடு நான் உடன்படவில்லை. அது கோழைத்தனம் என்பதையும் ஏற்கவில்லை.

வலப்பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் வேறு வகை. பர்லிங்டன் சிறியது, அன்று ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர்கள் வாழ்ந்தது, வேலையின்மை குறைவு, பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் உண்டு. அங்கே எந்தக் கொள்கையும் வெற்றிபெறும், டெட்ராய்ட்டில் செய்து காட்டட்டும் என்பார்கள். வளமான ஊரை நிர்வகிப்பது எளிது என்பது சரி. ஆனால் வளமே அந்த ஊரின் பிரச்சினையாகவும் இருந்தது. வேலை பெருகினால் வாடகை ஏறும். ஏரி அழகானால் அதன் கரையில் வாழ்ந்த கூலிக்காரர் வெளியேற வேண்டும். அமெரிக்காவின் பல்கலைக்கழக நகரங்கள் எத்தனையோ இதே வளத்தைப் பெற்று, அதை மனை விலையாக மாற்றி, தங்கள் தொழிலாளர்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டன. பர்லிங்டனில் நார்த்கேட் என்ற குடியிருப்பில் 336 வீடுகள். கூட்டாட்சி உதவிக் கடனால் கட்டப்பட்டவை. குறித்த காலம் கழிந்ததும் உரிமையாளர் கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டுச் சந்தை வாடகைக்கு மாற்றிவிடலாம். குடியிருந்தவர்கள் அமைப்பாகத் திரண்டு, நகராட்சியும் மாநிலமும் கைகொடுக்க, 1989இல் அந்தக் குடியிருப்பை லாப நோக்கற்ற உடைமைக்குக் கொண்டுவந்தார்கள். வளம் தானாக இதைச் செய்யாது. நிறம் பற்றிய வாதமோ தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது. அறக்கட்டளையின் வடிவத்தை முதலில் உழுது விதைத்தவர்கள் ஜார்ஜியாவின் கறுப்பின விவசாயிகள். பின்னாளில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் மார்ட்டின் பேனியா கால்வாயோரக் குடிசைப் பகுதி மக்கள் அதே வடிவத்தைத் தங்கள் நிலத்தைக் காக்கக் கையாண்டார்கள்.

வெளிநாட்டு விவகாரங்களில் மேயருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. நிகராகுவா பயணமும் சோவியத் யாரஸ்லாவ்ல் நகரத்தோடு ஏற்பட்ட உறவும் பத்திரிகைகளுக்குத் தீனி போட்டன. அந்த நாடுகளின் ஆட்சியாளர்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் சில, மன்னிக்க முடியாத அளவுக்கு மேலோட்டமானவை. பர்லிங்டன் மக்கள் அவற்றுக்காக அவரைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை, அவற்றுக்காகத் தோற்கடிக்கவும் இல்லை. மாநிலத்துக்குள் அவர் சந்தித்த சுவர்கள்தான் அதிகம் கற்பிப்பவை. வரிவிலக்குப் பெற்ற பெரிய மருத்துவமனையின் மேல் சொத்து வரி விதிக்க முயன்றார், நீதிமன்றம் ஒப்பவில்லை. சாலையைத் தோண்டும் மின், எரிவாயு நிறுவனங்களிடம் கட்டணம் வசூலிப்பது, உணவகத்திலும் விடுதியிலும் செலவழிப்பவர்களிடம் சிறு வரி பெறுவது என்று சொத்து வரிக்கு மாற்றுகளைத் தேடினார். இவை யாருக்கும் உணர்ச்சியூட்டாத சங்கதிகள். ஆனாலும் ஒரு சிறு நகரம், ஏழை வீட்டுக்காரரை மேலும் பிழியாமல் தன் நிதிப் பள்ளத்தை எப்படி மூடுவது என்ற கேள்விக்கு 1980களின் அமெரிக்காவில் தேடப்பட்ட விடைகள் இவைதான்.

நிறுவனம் என்ற சொல்லை நான் வலியுறுத்துவதன் சோதனை அவர் போனபின்தான் வந்தது. 1986இல் ஆளுநர் பதவிக்கு நின்று தோற்று, 1988இல் கீழவைக்கு நின்று தோற்று, 1989 ஏப்ரலில் மேயர் பதவியை விட்டு, 1990இல் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் சாண்டர்ஸ். வளர்ச்சி அலுவலகத்தின் தலைவராக இருந்த பீட்டர் கிளாவெல் அடுத்த மேயரானார். 1993இல் கிளாவெல் குடியரசுக் கட்சியின் பீட்டர் பிரவுனெலிடம் தோற்றார். 1995இல் திரும்பி வந்து 2006 வரை இருந்தார். அவருக்குப் பின் வந்த முற்போக்கு மேயரின் காலத்தில் நகராட்சியின் தொலைத்தொடர்பு நிறுவனம் பொதுநிதியில் ஏறத்தாழ 1.7 கோடி டாலரை விழுங்கியது. நகரத்தின் கடன் தரமதிப்பு சரிந்தது. 2012இல் ஜனநாயகக் கட்சி மேயர் பதவியைக் கைப்பற்றியது. கணக்கை நேராக வைத்து நம்பிக்கை பெற்ற ஓர் அணி, கணக்கைக் கோட்டைவிட்டே நம்பிக்கையை இழந்தது. இதை அந்த அணியின் அனுதாபிகள் மூடிமறைப்பது சரியில்லை. பொதுத்துறை தோற்கும்போது அதன் விலையை ஏழைகளே அதிகம் கொடுக்கிறார்கள் என்பதால், இடதுசாரி நிர்வாகத்திடம் நாம் கூடுதலான கறாரை எதிர்பார்க்க வேண்டும்.

இந்த ஏற்ற இறக்கங்கள் அத்தனைக்கும் நடுவே நில அறக்கட்டளையை எந்த மேயரும் கலைக்கவில்லை. 1987இல் மாநிலம் அமைத்த வீட்டுவசதி மற்றும் நிலப் பாதுகாப்பு வாரியம் அதற்கு நிலையான நிதிவழியைத் தந்தது. 2006இல் அது மற்றொரு வீட்டுவசதி அமைப்போடு இணைந்து ஷாம்ப்ளெய்ன் வீட்டுவசதி அறக்கட்டளையானது. 2008இல் உலக வாழிட விருதைப் பெற்றது. மூன்று மாவட்டங்களில் 600க்கும் மேற்பட்ட சொந்த வீடுகளும் 2,000க்கும் மேற்பட்ட வாடகை வீடுகளும் அதன் பொறுப்பில் இருக்கின்றன. இது பர்லிங்டனின் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்கவில்லை. இன்றும் அங்கே வாடகைக்கு வீடு கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை அதிகம். போதிய வீடுகளைக் கட்ட அனுமதிக்காத விதிகளும் அதற்குக் காரணம். அந்த விதிகளைத் தளர்த்தாமல் அறக்கட்டளையால் மட்டும் விலையை அடக்க முடியாது என்று பொருளியலாளர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனால் புதிதாக எத்தனை வீடு கட்டினாலும், அவற்றின் கீழுள்ள நிலத்தின் விலையேற்றத்தை யார் எடுத்துக்கொள்வது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

இந்தக் கேள்வியை சாண்டர்ஸ் தம் அதிபர் பிரசாரங்களில் மிக அரிதாகவே முன்வைத்தார். மருத்துவம், கல்லூரிக் கட்டணம், கோடீஸ்வரர்கள் என்று பேசி லட்சக்கணக்கானோரைத் திரட்டினார். 2020 பிரசாரத்தின் வீட்டுவசதித் திட்டத்தில் சமூக நில அறக்கட்டளைகளுக்கு நிதி ஒதுக்கும் வாக்குறுதி இருந்தும், கூட்டங்கள் அதைக் கேட்கப் போகவில்லை. நாடளாவிய மேடை அவரிடம் கேட்டது குரலை. நகர மன்றத்தின் பதினொரு எதிரிகள் அவரிடம் கேட்டது வேறு: ஒப்பந்தப்புள்ளியைப் படிக்கும் பொறுமை, தோற்ற வாக்கெடுப்பை ஏற்கும் பக்குவம், தம்மைவிடத் திறமையான அலுவலர்களைத் தேடி அமர்த்தும் அடக்கம். அந்த அலுவலர்களின் பெயர்கள் பர்லிங்டனுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவர்கள் எழுதியவை அந்தக் குத்தகைப் பத்திரங்கள். பிரவுனெல் மேயராக இருந்த இரண்டாண்டுகளிலும் அதே பத்திரத்தின்படியே வீடுகள் விற்கப்பட்டன. கால் பங்கு விற்றவருக்குப் போனது, மீதி அடுத்த குடும்பத்துக்காக வீட்டோடு நின்றது.